கைடு கையெழுத்து: முனைவர் பட்ட ஆய்வில் அதிகாரம் யாரிடம்?

2022 நவம்பர் 7ஆம் தேதி மத்திய அரசிதழில் யுஜிசி ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. முனைவர் பட்டம் வழங்குவதற்கான குறைந்தபட்சத் தரங்களும் நடைமுறைகளும் என்று அதற்குப் பெயர். இதற்கு முன்னால் 2009இல் ஒன்று வந்தது. 2016இல் ஒன்று வந்தது. ஆய்வு மாணவர்களில் இதை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. நெறியாளர்களில் இன்னும் குறைவு.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு உரைநூல் படித்த பழக்கம் உண்டு. சூத்திரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறது, உரைகாரர் எந்த இடத்தில் தம் காலத்துச் சாதி ஒழுங்கை உள்ளே நுழைக்கிறார் என்றெல்லாம் பார்க்கக் கற்றிருக்கிறோம். தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் செய்த அந்த வேலையை, நம்ம பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதுகிற இந்த விதித்தொகுப்புக்கும் ஒருமுறை செய்து பார்த்தால் என்ன? அதுதான் இந்தக் கட்டுரை. சூத்திரம் டெல்லியில் எழுதப்படுகிறது. உரை நம்மூர்த் துறை வாசலில் எழுதப்படுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வேந்தர் சண்டையும் துறை வாசலும்

பல்கலைக்கழக நிர்வாகம் என்று வாயெடுத்தால் நம்மூரில் துணைவேந்தர் நியமனம்தான் பேச்சு. 2022இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் கிடப்பில் போட்டார், 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மாநில உரிமை என்ற வகையில் அது நடக்க வேண்டிய சண்டைதான். அதில் நாம் ஆளுநர் பக்கம் நிற்க முடியாது. ஆனால் ஓர் ஆய்வு மாணவி துணைவேந்தரைப் பக்கத்தில் பார்ப்பது பட்டமளிப்பு மேடையில், அதுவும் அரை நிமிஷம். அதுவரைக்கும் வருஷக் கணக்கில் அவள் பார்ப்பது ஒரே ஒரு ஆளைத்தான். விதித்தொகுப்பு அவரை நெறியாளர் என்கிறது. நம்மூரில் அவருக்குப் பேரு கைடு.

சேர்க்கைக்கு அவர் இசைவு வேண்டும். தலைப்புக்கு அவர் கையெழுத்து வேண்டும். ஆறு மாத அறிக்கை, உதவித்தொகைத் தாள், விடுப்புக் கடிதம், வெளியூர் நூலகத்துக்குப் போக அறிமுகக் கடிதம், சினாப்சிஸ், ஆய்வேடு ஒப்படைப்பு, எல்லாத்துக்கும் அவர்தான். பெரும்பாலான இடங்களில் புறத்தேர்வாளர் பட்டியல் கொடுப்பதும் அவர்தான். ஆய்வேட்டை மதிப்பிடுபவர்களில் ஒருவராக இருப்பதும் அவர்தான். ஆட்சிப்பேரவை, ஆட்சிக்குழு, கல்விக்குழு, பாடத்திட்டக்குழு என்று எத்தனையோ குழுக்கள் சட்டத்தில் இருக்கின்றன. ஆய்வு மாணவரின் அன்றாட வாழ்க்கைக்கு அந்தக் குழுக்களெல்லாம் எங்கோ இருக்கிற மாவட்டத் தலைநகரம் மாதிரி. ஊரில் நடப்பது பண்ணையார் ஆட்சி.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உயர்பட்ட ஆய்வுக்கென்றே கிராஜுவேட் ஸ்கூல் என்று தனி அமைப்பு உண்டு. அதற்குத் தனி முதல்வர் உண்டு. துறைகளுக்கு வெளியே நின்றுகொண்டு சேர்க்கை விதி, உதவித்தொகை, ஆய்வுக்குழு, முறையீடு இவற்றைக் கவனிப்பது அதன் வேலை. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கறுப்பின மாணவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆனாலும் துறைத் தலைவரும் நெறியாளரும் கதவைச் சாத்தினால் தட்டுவதற்கு இன்னொரு கதவு என்ற ஏற்பாடாவது அதில் இருக்கிறது. நம்முடைய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் பிரிவு என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் கட்டணம் வாங்கி, கோப்பு நகர்த்தி, ரசீது கொடுக்கும் அலுவலகம். அங்கே போய் நின்றால் முதல் கேள்வி: "கைடு கையெழுத்து வாங்கியாச்சா?"

இடம் யாருடைய சொத்து?

விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் முனைவர் பட்டத்துக்கு வழிநடத்தலாம். இது வெறும் எண்ணிக்கை வரம்பு மாதிரித்தான் தெரியும். ஆனால் துறை வாசலில் இதற்கு எழுதப்படும் உரையே வேறு. "எங்கிட்ட ரெண்டு வேகன்சி இருக்கு", "அவருகிட்ட ஒண்ணும் இல்ல", "அம்மா அடுத்த வருஷம் எடுப்பாங்களாம்" என்றுதான் அங்கே பேச்சு. அரசுப் பணத்தில் நடக்கும் துறையின் இடம் ஒரு தனிமனிதரின் பட்டா நிலமாகிவிடுகிறது. 2016 விதிகள் நெறியாளரை ஒதுக்கும் பொறுப்பைத் துறையிடம்தான் கொடுத்தன. நடைமுறையில் மாணவர் முதலில் நெறியாளரைத் தேடி அலைந்து, சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் விண்ணப்பிக்கப் போகிறார். அந்த அலைச்சலில் நடக்கும் உரையாடல் எந்தக் கோப்பிலும் ஏறாது. "எந்த ஊரு தம்பி?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "அப்பா என்ன செய்றாரு?" மூணே கேள்வி. அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். அடுத்த பதில், "இப்ப இடமில்லப்பா."

இப்படி இடம் தனிமனிதர்களிடம் சிதறிக் கிடந்தால் இட ஒதுக்கீடு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துறையில் ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர்கள், ஐந்து உதவிப் பேராசிரியர்கள். மொத்தம் 8, 12, 20 என்று 40 இடம். தமிழ்நாட்டின் 18 விழுக்காட்டின்படி பட்டியல் சாதியினருக்கு 7 இடம் வர வேண்டும். அதையே நெறியாளர் வாரியாகப் பிரித்து, இந்த வருஷம் இவரிடம் ஒன்று, அவரிடம் ஒன்று என்று காலியிடம் காட்டினால், ஒன்றில் 18 விழுக்காடு எவ்வளவு? பூஜ்யத்துக்குப் பக்கம். சட்டம் மீறப்படவே இல்லை. இடம் மட்டும் காணாமல் போய்விட்டது.

இந்த வித்தை புதுசில்லை. மத்தியப் பல்கலைக்கழக ஆசிரியர் நியமனத்தில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017இல் துறையை அலகாகக் கொள்ளச் சொன்னது. 2018 மார்ச்சில் யுஜிசி அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 13 புள்ளி சுழற்சிப் பட்டியல் என்று அப்போது பேசப்பட்டதே, அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு 4ஆவது இடம், பட்டியல் சாதிக்கு 7ஆவது இடம், பழங்குடிக்கு 14ஆவது இடம். ஐந்து பேர் இருக்கும் துறையில் 7ஆவது இடம் எப்போது வரும்? நாடு முழுக்க எழுந்த போராட்டத்துக்குப் பிறகு 2019இல் தனிச் சட்டமே கொண்டுவந்து, மொத்த நிறுவனத்தையும் ஓர் அலகாகக் கொள்ள வேண்டும் என்று முடிவானது. ஆசிரியர் நியமனத்தில் வென்ற அந்த நியாயத்தை ஆய்வு இடங்களுக்கு யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. நான்கு இடம் மட்டும் வைத்திருக்கும் உதவிப் பேராசிரியரை ஓர் அலகாக வைத்தால் ஏழாவது இடம் அவர் ஓய்வுபெறும்வரை வராமலே போகலாம்.

இதன் விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. ஐஐடிகளில் 2015 முதல் 2019 வரை முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 9 விழுக்காடு, பழங்குடியினர் ஏறத்தாழ 2 விழுக்காடு. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. சட்டப்படி இருக்க வேண்டியது 15, 7.5.

முப்பது மதிப்பெண்ணின் கதை

சேர்க்கையின் இன்னொரு வாசல் நேர்காணல். எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. நேர்காணலில் முகம் தெரியும், பேச்சு தெரியும், ஊர் தெரியும்.

டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று இருந்தது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய தலித், பழங்குடி, பிற்பட்ட மாணவர்கள் நேர்காணலில் ஒற்றை இலக்கத்துக்கு இறக்கப்படுகிறார்கள் என்று மாணவர்கள் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். பேராசிரியர் அப்துல் நாஃபே தலைமையிலான குழு 2016இல் இந்த மதிப்பெண்களைச் சமூகப் பிரிவு வாரியாக வைத்து ஆராய்ந்தது. இடைவெளி தற்செயலானது அல்ல, பாகுபாட்டைக் காட்டுகிறது என்று சொல்லி, நேர்காணல் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதாவது, புகாருக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் குழுவே சாட்சி சொன்னது.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? அதே 2016இல் வந்த யுஜிசி விதியைக் காட்டி, எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, நூற்றுக்கு நூறும் நேர்காணலுக்கே கொடுத்தார்கள். இருந்த ஆய்வு இடங்களையும் பெருமளவுக்கு வெட்டினார்கள். சேலத்திலிருந்து ஹைதராபாத் போய், அங்கிருந்து டெல்லி போய் வரலாற்றில் ஆய்வு செய்துகொண்டிருந்த முத்துக்கிருஷ்ணன், 2017 மார்ச் 13ஆம் தேதி இறப்பதற்குச் சில நாள் முன்னால் முகநூலில் எழுதியது இந்த நேர்காணல் முறையின் சமத்துவமின்மையைப் பற்றித்தான். 2018 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் நூறு விழுக்காட்டு நேர்காணலை ரத்து செய்தது. யுஜிசி திரும்பவும் 70க்கும் 30க்கும் வந்து நின்றது. 2022 விதியிலும் அதே 70, 30. 2024இல் நெட் தேர்வு வழியாகச் சேர்க்கை என்று கொண்டுவந்தபோதும் 70, 30. ஜேஆர்எஃப் பெற்றவர்களுக்கு நேர்காணல் மட்டும்.

ஆக, எந்த 30 மதிப்பெண் பாகுபாட்டுக்கு இடம் கொடுக்கிறது என்று ஒரு குழு கணக்கோடு சொன்னதோ, அதே 30 இன்று நாடு முழுமைக்கும் விதி. நேர்காணலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்ன ஆய்வு செய்யப்போகிறாய் என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் யார் எத்தனை மதிப்பெண் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று எழுதி வெளியிடாத நேர்காணல், கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் பஞ்சாயத்துதான்.

குழு கூடுகிறது, கூட்டுபவர் அவரே

இனி விதித்தொகுப்பின் நடுப்பகுதி. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் அதன் முன்னால் ஆய்வாளர் தன் வேலையை எடுத்துவைக்க வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் குழு காரணங்களைப் பதிவு செய்து, திருத்தும் வழி சொல்ல வேண்டும். அதையும் செய்யத் தவறினால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம்.

படித்தால் ஜனநாயகம் மாதிரியே இருக்கும். ஒரே ஆள் கையில் இருந்த அதிகாரத்தைப் பல பேருக்குப் பங்கு வைத்த மாதிரி. அடுத்த வரியைப் படியுங்கள். குழுவின் ஒருங்கிணைப்பாளர் நெறியாளரே. நெறியாளரைப் பற்றித்தான் குறை என்றால் அதை அந்தக் குழுவில் எப்படிச் சொல்வது? பண்ணையாரைப் பற்றிய பிராதைப் பண்ணையார் வீட்டுத் திண்ணையில் விசாரிக்கிற கதைதான். மற்ற இரண்டு உறுப்பினர்கள்? ஒருவர் பக்கத்து அறைக்காரர். நாளைக்கு அவருடைய மாணவருக்கு இவர் உறுப்பினர். ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிந்துகொள்கிற ஏற்பாடு.

இன்னொரு இடம். திருமணம் போன்ற காரணத்தால் ஊர் மாறிப் போகும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்று விதி இருக்கிறது. நல்லது. இருக்க வேண்டியதுதான். ஆனால் நெறியாளர் சாதி சொல்லித் திட்டினார், ஒரு வருஷமாக அத்தியாயத்தைத் திறந்தே பார்க்கவில்லை, தனியாக வீட்டுக்கு வா என்றார் என்பதற்காக நெறியாளரை மாற்றிக்கொள்வதை ஆய்வாளரின் உரிமையாக அந்த விதித்தொகுப்பு சொல்லவில்லை. அதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நடைமுறைக்கு விடப்பட்டிருக்கிறது. பல இடங்களில் அந்த நடைமுறைக்கு முதலில் வேண்டியது பழைய நெறியாளரின் இசைவுக் கடிதம்! கல்யாணத்துக்காக ஒருத்தி போகலாம். மானத்துக்காகப் போக வேண்டுமென்றால் அவரிடமே போய் அனுமதி கேட்க வேண்டும்.

முறையீட்டுக்கு வேறு விதிகள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன. 2012இல் சமத்துவத்துக்கான விதிகள் வந்தன. 2023இல் மாணவர் குறைதீர்ப்பு விதிகள் வந்தன. அதன்படி குறைதீர்ப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஆகிய மூன்று பிரிவிலும் சேர்த்து ஒருவர் இருந்தால் போதும். தமிழ்நாட்டுக் கிராமத்தில் யார் யாரை வெட்டுகிறார்கள் என்று தெரிந்த எவரும் இந்த மூன்றையும் ஒரே நாற்காலியில் உட்காரவைக்க மாட்டார்கள். பெண் ஆய்வாளராக இருந்தால் இன்னும் சிக்கல். பாலியல் தொல்லைக்கு ஒரு குழு, சாதிக் கொடுமைக்கு வேறொரு பிரிவு. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே வாக்கியத்தில் வருகிறபோது எந்தக் கதவைத் தட்டுவது?

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்த செந்தில்குமார் 2008 பிப்ரவரியில் இறந்தார். அவரும் சேலம் மாவட்டத்துக்காரர். பன்றி மேய்க்கும் குடும்பத்திலிருந்து போனவர். சாகும்வரை அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17ஆம் தேதி இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருந்தது. ஒருவருக்கு நெறியாளர் கிடைக்கவில்லை, இன்னொருவருக்குப் பணம் கிடைக்கவில்லை. பத்திரிகைகள் இதை மனஉளைச்சல் என்று எழுதின. நிர்வாகம் என்ற சொல்லை எழுதவில்லை. ஒரு கோப்பு நகராததும் ஒரு கையெழுத்து விழாததும் கொலைக்கருவி ஆகும் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

உழைப்பு

2005-06இல் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கென்று ராஜீவ் காந்தி தேசிய ஆய்வு உதவித்தொகை வந்தது. முதல் தலைமுறையாக ஆயிரக்கணக்கானோர் ஆய்வுக்கு வந்தது அதனால்தான். இன்று ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். மாதாமாதம் நிறுவனம் உறுதிசெய்தால்தான் பணம் வரும். பணம் வருவதும் உடனே அல்ல. மாசக்கணக்கில் நிற்கும், பிறகு மொத்தமாக வரும். அந்தத் தொகை வந்த அன்றைக்குத் துறை முழுக்கத் தெரிந்துவிடும். "ஒங்காளுங்களுக்கென்னப்பா, கவர்மெண்டு மருமகப்பிள்ளைங்க" என்பார்கள். பிறகு அந்த மருமகப்பிள்ளைதான் கைடு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும், அவர் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும், விடைத்தாள் கட்டு தூக்க வேண்டும், அவர் பெயரில் வரும் புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்த வேண்டும்.

என்னோடு எம்.ஏ. படித்த தோழி ஒருத்தி சொன்னது: "மூணு வருஷத்துல என் ஆய்வேட்டுல எழுதினது எழுபது பக்கம். ஐயா புஸ்தகத்துக்கு டைப் அடிச்சது நானூறு பக்கம். அந்தப் புஸ்தகத்துல நன்றியில கூட எம்பேரு இல்ல. என் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டா, 'உங்க வீட்டுல வருஷத்துக்கு ஒரு கல்யாணமா'ன்னாரு."

உழைப்புக்குக் காலவரையறை இல்லாதது பண்ணை முறையின் அடையாளம். ஆய்வுக்கு விதிப்படி குறைந்தது 3 வருஷம், அதிகம் 6 வருஷம், மறுபதிவு செய்தால் மேலும் 2 வருஷம். உதவித்தொகையோ ஐந்து வருஷத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு கௌரவ விரிவுரையாளர் வேலை. கௌரவம் பேரில் மட்டும். கடைசியில் வைவா. தேர்வாளர் வந்து போகும் வண்டி, தங்கும் அறை, மத்தியானச் சாப்பாடு, துறையில் எல்லோருக்கும் பொன்னாடை, பை, பழத்தட்டு. பொது வாய்மொழித் தேர்வு என்பது அறிவை எல்லோர் முன்னாலும் சோதிப்பதற்கு ஏற்பட்டது. நம்மூரில் அது காதுகுத்து மாதிரி ஆகிவிட்டது. செலவு முழுக்க ஆய்வாளர் தலையில். கடன் வாங்கி டாக்டர் ஆனவர்களை எனக்குத் தெரியும்.

இதில் நெறியாளர் என்ன சாதி என்ற கேள்வியை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்த் துறைகளில் பார்ப்பனர் கோலோச்சிய காலம் போய் நெடுநாளாகிறது. இன்று இருக்கையில் பெரும்பாலும் இருப்பவர்கள் இடைநிலைச் சாதியினர். மேடையில் பெரியார் பேசுவார்கள், அறையில் ஊர் கேட்பார்கள். நம்மவர்களில் நெறியாளர் ஆனவர்கள் சிலரும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவுடன் அதே மாதிரி பேசக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். விதிவிலக்காக, மாணவரைத் தம்பியாகவும் தங்கையாகவும் நடத்தி, சொந்தக் காசில் புத்தகம் வாங்கிக் கொடுத்த நெறியாளர்களும் உண்டு. அவர்களைக் கும்பிடுகிறோம். ஆனால் நல்ல பண்ணையார் வாய்ப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு சமூகம் படிக்க முடியாது.

தலைப்பு யார் கொடுத்தது?

இந்த அதிகாரத்தால் வீணாவது ஆட்கள் மட்டுமல்ல, அறிவும்தான். தமிழ்த் துறை ஆய்வேடுகளின் தலைப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இன்னார் நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள். இன்னார் கவிதைகளில் உவமைகள். இன்னார் சிறுகதைகளில் பெண் பாத்திரங்கள். முதல் இயல் ஆசிரியர் வாழ்வும் பணியும், கடைசி இயல் முடிவுரை. தலித் இலக்கியம் துறைக்குள் வந்தபோதும் இந்த அச்சில்தான் ஊற்றினார்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது பல துறைகளில் அதன் மொழியே கொச்சை என்றார்கள். பிறகு அது பாடமானது, ஆய்வுப் பொருளானது. இன்று கருக்கில் உணவு, கருக்கில் விளையாட்டு, கருக்கில் பழமொழி என்று எழுதலாம். கருக்கு எழுப்பிய கேள்வியை, படித்து முடித்த பிறகும் சாதி ஏன் நிறுவனத்துக்குள் துரத்திவருகிறது என்பதை, அந்த ஆய்வேடு எழுதப்படும் துறையைப் பார்த்தே கேட்டால் ஆலோசனைக் குழு ஒப்புக்கொள்ளுமா?

ஒரு தோழர் தன் மாவட்டத்தில் நடந்த சாதிக் கலவரத்தைப் பற்றிய வாய்மொழிப் பாடல்களைத் தொகுக்க விரும்பினார். நெறியாளர் சொன்ன பதில்: "ஒனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, கேஸ் வேணுமா?" தோழர் தெய்வ வழிபாட்டுப் பாடல்களுக்கு மாறினார். பட்டம் வந்தது. அந்தக் கலவரப் பாடல்களைப் பாடிய கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பாட்டும் கூடவே போய்விட்டது.

அயோத்திதாசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இலிருந்து 1914இல் அவர் மறையும்வரை வாரம் தவறாமல் 'தமிழன்' இதழ் நடத்தினார். தமிழ் இலக்கணம், இலக்கியம், பௌத்தம், சாதியின் வரலாறு என்று அவர் எழுதியது ஒரு முழு நூலகம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை 1927இல் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனை துறைகள், எத்தனை பேராசிரியர்கள், எத்தனை ஆய்வேடுகள்! அந்த இதழ்களைக் கறையான் அரிக்காமல் காத்தவர்கள் அன்பு பொன்னோவியம் போன்ற இயக்கத்துக்காரர்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டது 1999இல். தொகுத்தவர் தமிழ்த் துறைக்காரர் அல்ல, சமூகவியல் ஆய்வாளர். அவை வெளிவந்த பிறகு துறைகள் கருத்தரங்கு நடத்தின. ஆய்வுத் துறையின் வேலை இல்லாததைத் தேடுவது. நம்முடைய துறைகள் பிறர் தேடிக் கொடுத்ததற்குத் தலைப்பு வைத்தன.

கேனன் எழுதிய முன்னுரை

அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916 மே மாதம் கோல்டன்வைசரின் கருத்தரங்க வகுப்பில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. பொருளாதாரம் படிக்கப் போனவர், மானிடவியல் வகுப்பில் சாதியின் தோற்றத்தைப் பற்றிப் பேசினார். அது உன் தலைப்பில்லை, உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

லண்டனில் அவருடைய நெறியாளர் எட்வின் கேனன். ரூபாயின் பிரச்சினை பற்றிய அம்பேத்கரின் ஆய்வு 1923இல் நூலாக வந்தபோது கேனன் அதற்கு முன்னுரை எழுதினார். அந்த முன்னுரையிலேயே, அம்பேத்கரின் வாதங்கள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். எழுதிவிட்டு அவருடைய சிந்தனைக் கூர்மையைப் பாராட்டினார். நெறியாளர் ஏற்காத வாதத்தை மாணவர் எழுதுகிறார், பட்டம் வாங்குகிறார், நெறியாளரே முன்னுரையும் எழுதுகிறார். நம்முடைய துறைகளில் நெறியாளர் ஒப்பாத ஒரே ஒரு வாக்கியத்தோடு ஓர் ஆய்வேடு வெளியே வந்ததுண்டா? கேனன் தனிப்பட்ட முறையில் பெரிய மனசுக்காரர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உயர்பட்ட ஆய்வின் வேலை இதுதான் என்பதற்காகச் சொல்கிறேன். ஆசிரியரோடு ஆதாரம் வைத்து முரண்படும் தகுதியை ஒருவருக்குக் கொடுத்து, அதற்குச் சான்றாகப் பட்டம் கொடுப்பது. அந்த வேலை நடக்காத இடத்தில் எத்தனை முனைவர்கள் வந்தாலும் அவர்கள் பண்ணையாட்களாகத்தான் வெளியே வருவார்கள்.

நூறு வருஷம் கழித்து என்ன நடந்தது தெரியுமா? பட்டியல் சாதியினர் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கு 2022 பிப்ரவரியில் புது வழிகாட்டுதல் வந்தது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது என்றது அது. சாதியைப் பற்றி ஆராய ஒரு தலித் வெளிநாடு போகக் கூடாதாம். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் பரோடா உதவித்தொகையில் போன மாணவர் அந்த 1916 கட்டுரைக்காகக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

என்ன கேட்பது?

இதுவரை நாம் சேர்க்கையில் இட ஒதுக்கீடு கேட்டோம். உதவித்தொகை கேட்டோம். இரண்டையும் தொடர்ந்து கேட்க வேண்டும். ஆனால் உள்ளே போன பிறகு யார் ஆட்சி என்று கேட்காமல் விட்டதால்தான் உள்ளே போனவர்கள் பாதி வழியில் திரும்பி வருகிறார்கள், சிலர் திரும்பி வரவே இல்லை.

ஆய்வு இடங்கள் நெறியாளருக்கு உரியவை அல்ல என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். மொத்தப் பல்கலைக்கழகத்தையும் ஓர் அலகாக வைத்துச் சுழற்சிப் பட்டியல் போட்டு, அதை ஒவ்வொரு வருஷமும் சுவரில் ஒட்ட வேண்டும். சம்மதக் கடிதம் வாங்கி வா என்று மாணவரை அலையவிடும் வழக்கம் நிற்க வேண்டும். சேர்ந்தவருக்கு நெறியாளரைத் துறை கொடுக்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் கொடுக்க வேண்டும். நேர்காணல் மதிப்பெண்ணைப் பதினைந்துக்கு மேல் போகவிடக் கூடாது, ஒவ்வொரு உறுப்பினரும் போட்டதைத் தனித்தனியே வெளியிட வேண்டும். ஆலோசனைக் குழுவை நெறியாளர் கூட்டக் கூடாது. துறைக்கு வெளியிலிருந்து ஒருவர் கூட்ட வேண்டும், கூட்டக் குறிப்பின் நகல் அன்றே ஆய்வாளர் கையில் வர வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்வது ஆய்வாளரின் உரிமை, பழையவரின் இசைவு தேவையில்லை என்று ஒரு வரி வேண்டும். உதவித்தொகை உறுதிச்சான்று நெறியாளர் மேசையைத் தொடாமல் நேரே ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து போக வேண்டும். வைவா செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். கொடுத்த அத்தியாயத்தை இத்தனை நாளுக்குள் படித்துத் திருப்பித் தர வேண்டும் என்ற கெடு நெறியாளருக்கும் வேண்டும். கெடு மாணவருக்கு மட்டும் எதுக்கு?

இவற்றில் ஒன்றுக்குக்கூடக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஆட்சிக்குழுவில் ஒரு தீர்மானம் போதும். அதனால்தான் இவற்றைக் கேட்டால் எதிர்ப்பு கடுமையாக இருக்கும். பணம் கேட்டால் இல்லை என்பார்கள். கையெழுத்தைக் கேட்டால் தகுதி போச்சு, தரம் போச்சு என்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை நம்மிடம் இருக்கிறது. ஆய்வில் இருக்கும், ஆய்வை விட்டு வந்த தோழர்கள் இதழுக்கு எழுதுங்கள். பேரு வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பேரும் வேண்டாம். தேதிகள் வேண்டும். எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், எந்தத் தேதியில் நெறியாளர் கிடைத்தார், அத்தியாயம் கொடுத்தது எப்போது, திரும்பி வந்தது எப்போது, எத்தனை மாதம் பணம் வரவில்லை, ஏன் என்று சொன்னார்களா. நூறு பேர் எழுதினால் அதுவே ஓர் ஆய்வேடு. அதற்கு யாரும் கைடு கையெழுத்துப் போட வேண்டியதில்லை.